ஆர்னெட்டா ப்ரூயிட்டின் சாத்திய கதவு

உங்கள் வீட்டு வாசல் கதவு இப்போது திறந்திருக்கிறதா, சாத்தியிருக்கிறதா?

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து மேலே படியுங்கள். உங்கள் உரிமைகள் அதைப் பொறுத்துத்தான் இருக்கின்றன என்று மூன்று நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நீதிபதிகள். சாகும்வரை வேலையில் இருக்கலாம் என்று அரசியல் சட்டமே உத்தரவாதம் கொடுத்து உட்கார வைத்த ஆட்கள். அவசரப்பட்டு எதுவும் சொல்லிவிட மாட்டார்கள்.

நான் டாலிவர் கவுண்டி என்கிற மாவட்டத்தில், நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல் ஒன்றில் சாவி கொடுத்து வாங்கும் மேஜையில் உட்கார்ந்திருப்பவன். இந்த ஊரில் வக்கீல் ஆபீஸுக்கு வெளியே ஒழுங்காக வேலை செய்கிற பிரிண்டர் எங்கள் மோட்டலில் மட்டும்தான் இருக்கிறது. ஆர்னெட்டா ப்ரூயிட்டின் வழக்கு எனக்குத் தெரிய வந்தது அந்தப் பிரிண்டரால்தான்.

ஆர்னெட்டா பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒன்பதாம் நம்பர் மஞ்சள் பஸ். அதில் ஏறிப் படித்து முடித்தவர்களின் பிள்ளைகள் இப்போது அதே பஸ்ஸில் ஏறும் அளவுக்கு நீண்ட காலம் ஓட்டியவர். அறுபது வயதைத் தாண்டிய கறுப்பு அம்மாள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. விடிவதற்குள் எழுந்து, அந்த பஸ்ஸின் ஹீட்டரைப் போட்டு, பிள்ளைகள் ஏறுவதற்குள் சீட்டெல்லாம் கதகதப்பாகிவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்ப்பார். அவருக்கு வாழ்க்கை என்று இருந்தது அது ஒன்றுதான்.

அவர் வீடு ஸ்வீட்கம் சந்தில், கதவு எண் நாற்பத்தொன்று. அந்தச் சந்தை ரயில் தண்டவாளம் இரண்டாக வெட்டுகிறது. வடக்கே வெள்ளைக்காரர்கள், தெற்கே கறுப்பு ஜனங்கள். அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாததால், இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒன்றிலிருந்து எண் போட்டுக்கொண்டன. அதனால் வடக்கிலும் ஒரு நாற்பத்தொன்று உண்டு. அதில் இருப்பவன் ரஸ்டி ஓடம். முப்பது வயது, சிவப்புத் தாடி, அடுத்தவர் படகிலிருந்து மோட்டாரைக் கழற்றி விற்பது தொழில். அவன் மேல் பிடிவாரண்டு இருக்கிறது. ஆர்னெட்டாவின் தபால் தவறி அவன் வீட்டுக்குப் போனால், தண்டவாளம் தாண்டி வந்து கொடுத்துவிட்டுப் போவான். தபால்காரருக்குப் பெரும்பாலும், ரஸ்டிக்கு எப்போதும் தெரிந்திருந்த இந்த வித்தியாசம் கவுண்டியின் போலீஸான ஷெரிஃப் ஆபீஸின் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதில் வடக்கு, தெற்கு என்று போட இடமே இல்லை.

ஒரு விடியற்காலை ரஸ்டியைப் பிடிக்கக் கிளம்பிய டெபுடிகள், அதாவது ஷெரிஃபின் ஆட்கள், தெற்கு நாற்பத்தொன்றின் கதவை உடைத்து உள்ளே போனார்கள். ஆர்னெட்டாவை இரவு உடையோடு இழுத்துவந்து, முன்னால் இருந்த புல்தரையில் குப்புறப் போட்டுக் கையில் விலங்கு மாட்டினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. சத்தம் கேட்டு ரஸ்டியும் வந்து நின்றான். ஒரு டெபுடி அவனைப் பார்த்து, ஐயா, கொஞ்சம் பின்னால நில்லுங்க, இங்க ஒரு ஆபத்தான ஆளைப் பிடிக்கிறோம் என்று மரியாதையாகச் சொன்னார். ரஸ்டியும் பின்னால் போய் நின்றான்.

விலங்கு மாட்டியவன் பெயர் ட்ரெவர். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் வளர்ந்தவன். திருப்பத்தில் வாந்தி எடுக்கிற பிள்ளை என்பதால், ஆர்னெட்டா தினமும் முன் சீட்டைப் பிடித்து வைத்துக் கொண்டுபோய் இறக்கியவன். புல்லில் கிடந்தபடியே அவர் கேட்டது ஒன்றுதான்.

"ட்ரெவர், நீ இங்க என்ன பண்ணிட்டிருக்கேன்னு உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

முப்பது வயது சிவப்புத் தாடி வெள்ளைக்காரனுக்குப் பதிலாக ஒரு கறுப்பு அம்மாள் கிடைத்திருப்பது அதற்குள் டெபுடிகளுக்கு ஒருவாறு புரிந்துவிட்டிருந்தது. ஆனால் இவ்வளவு பேர் வந்துவிட்டு வெறும் காரோடு திரும்ப முடியாது. அந்தக் கேள்வியையே, அரசு ஊழியரை அவர் குடும்பத்தை வைத்து மிரட்டியது, கடமையைச் செய்ய விடாமல் தடுத்தது என்று எழுதி ஆர்னெட்டாவைக் கொண்டுபோனார்கள். மத்தியானம் குற்றச்சாட்டைக் கைவிட்டு அனுப்பினார்கள். கைதானது மட்டும் பதிவில் நின்றது.

பள்ளிக்கூட நிர்வாகம் மிகவும் வருத்தப்பட்டது. கைதான ஒருவர் பிள்ளைகளை ஏற்றக்கூடாது என்பது விதி. கைது தப்பு என்று ஏதாவது ஒரு கோர்ட்டு சொல்லட்டும், மறுநாள் காலையே பஸ் சாவியைத் தருகிறோம் என்றார்கள். ஆர்னெட்டா வழக்குப் போட்டது அந்தச் சாவிக்காகத்தான். ஊரில் இருந்த வக்கீல்களில் பாதிப் பேர் கவுண்டி நிர்வாகத்துக்கு வேலை பார்த்தார்கள், மீதிப் பேர் ஷெரிஃபோடு மீன்பிடிக்கப் போனார்கள். அதனால் வக்கீல் இல்லாமல் அவரே போட்டார்.

கீழ்க்கோர்ட்டு வழக்கைத் தள்ளுபடி செய்தது. காரணம் தெளிவாக இருந்தது. அரசு ஊழியர் ஒருவர் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால், அவர் செய்தது தப்பு என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தது என்று காட்ட, அதே தப்பை அதே மாதிரி வேறு யாரோ முன்பு செய்து, ஒரு கோர்ட்டு அதைத் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். வேறு வீட்டுக் கதவை உடைப்பது தப்பு என்பதை இந்த டெபுடிகளுக்கு யார் சொல்லியிருக்க முடியும் என்று நீதிபதி கேட்டிருந்தார். அவர்கள் அம்மாக்களைப் பற்றி அவர் எதுவும் குறிப்பிடவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. ஆர்னெட்டா அந்த வரியை நம்பினார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரிய நகரத்தில், ஊர் விட்டு ஊர் போகும் பஸ்ஸில் அரை நாள் பயணத்தில் இருந்தது. அங்கே மனு வாங்கும் கௌண்டரில் மிஸஸ் டெல்மார் என்றொரு அம்மாள் இருந்தார். அவருக்குத் தலைக்கு மேலே, சட்ட ஆலோசனை வழங்கப்பட மாட்டாது என்ற பலகை தொங்கியது. அவர் அதை வேதவாக்காக வைத்திருந்தார். மனுவை எங்கே கொடுப்பது என்று கேட்டால், அது சட்ட ஆலோசனை. இன்றைக்குக் கொடுக்கலாமா என்று கேட்டால், அதுவும். ஆர்னெட்டா கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டபோது மிஸஸ் டெல்மார் கொஞ்சம் யோசித்தார்.

"நீங்க அங்க போயிட்டு வரதுக்குள்ள கௌண்டர் மூடிட்டா, நான் வழி சொன்னதுனாலதான்னு ஆயிடும் மேடம். எதிர்த்தரப்புக்காரங்களுக்கும் நான் நியாயமா இருக்கணுமில்ல."

மேல்முறையீட்டு மனுவுக்கு நீல அட்டை போட வேண்டும் என்பது விதி. வழக்குப் போட்டவருக்கு நீலம், எதிர்த்தரப்புக்குச் சிவப்பு. நீதிபதிகள் உள்ளே படிக்காமலேயே யாருடையது என்று கண்டுகொள்ள வசதி. நான் மோட்டல் பிரிண்டரில் வான நீலத்தில் அட்டை போட்டுக் கொடுத்தேன். திருப்பி அனுப்பினார்கள். அடர் நீலத்தில் போட்டேன். அதையும் திருப்பினார்கள். எந்த நீலம் என்று கேட்டதற்கு, அது சட்ட ஆலோசனை என்று மிஸஸ் டெல்மார் சொல்லிவிட்டார்.

மூன்றாம் தடவை போனபோது, ஆர்னெட்டா பெயிண்ட் கடையில் கொடுக்கிற கலர் பட்டையை எடுத்துக்கொண்டு போனார். கௌண்டரில் பரப்பி, ஒவ்வொரு நீலமாக விரலை வைத்துக்கொண்டே மிஸஸ் டெல்மாரின் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே பின் சீட்டில் எந்தப் பிள்ளை சூயிங்கம் ஒட்டுகிறது என்று சொல்லிவிடுகிற அம்மாள் அவர். ஒரு நீலத்துக்கு வந்ததும் மிஸஸ் டெல்மாரின் இடது புருவம் லேசாக இறங்கியது. அந்த நீலத்தில் அட்டை போட்டோம். ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் ஆர்னெட்டா கவுண்டி வக்கீல் ப்ரெஸ்காட் லிங்கிலைப் போய்ப் பார்த்தார். வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், கம்ப்யூட்டரில் அந்த முகவரியையாவது திருத்துங்கள், இல்லாவிட்டால் மறுபடி என் வீட்டுக்குத்தானே வருவார்கள் என்று கேட்டார். லிங்கில் நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, குளிர்ந்த இனிப்பு டீ வரவழைத்து, பிறகு விளக்கினார்.

"திருத்தினா, முன்னாடி தப்பா இருந்துச்சுன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மிஸ் ஆர்னெட்டா. வழக்கு போட்டது நீங்க. நீங்க வழக்கு போடாம இருந்திருந்தா அன்னிக்கே திருத்தியிருப்போம்."

வழக்குப் போடுவதற்கு முன்னால் கேட்டபோது ஏன் திருத்தவில்லை என்று ஆர்னெட்டா கேட்டிருக்கிறார். அப்போது நீங்கள் வழக்குப் போடலாம் என்று எங்களுக்குப் பயம் இருந்தது என்று லிங்கில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

வக்கீல் இல்லாதவர்களை அந்தக் கோர்ட்டில் நேரில் கூப்பிட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை. மனுவைப் படித்து, அல்லது அட்டையைப் பார்த்து, தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஆனால் ஆர்னெட்டாவைக் கூப்பிட்டார்கள். அது 'எல்லோருக்கும் நீதி' வாரமாம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவதற்கு ஒரு சாதாரண ஆள் தேவைப்பட்டது. நான் ஒரு நாள் லீவு போட்டுக் கூடப் போனேன். வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். பழரசமும் கேக்கும் வைத்திருந்தார்கள். ஆர்னெட்டா ஒரு கப்பைத் தொட்டபோது காவலர் ஓடிவந்தார். வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் எடுக்கக்கூடாது, கோர்ட்டு பாரபட்சம் காட்டுவதாக ஆகிவிடும் என்றார். லிங்கில் கையில் கேக்கோடு நின்றிருந்தார். அவர் விருந்தினராகவும் அழைக்கப்பட்டிருந்தார்.

பேசுகிறவருக்குப் பத்து நிமிடம். மேஜையில் மூன்று விளக்கு. பச்சை எரிந்தால் பேசலாம், மஞ்சள் எரிந்தால் முடிக்க வேண்டும், சிவப்பு எரிந்தால் வாயை மூட வேண்டும். பஸ் ஓட்டுகிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆர்னெட்டா எழுந்து நின்றதும் பச்சை எரிந்தது. உடனே தலைமை நீதிபதி தோர்ன்பெரி பின் பெஞ்சுப் பிள்ளைகளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"இந்தக் கோர்ட்டுக்கு வக்கீலோட வரவங்க, வக்கீல் இல்லாம வரவங்க எல்லாரும் ஒண்ணுதான். யார் வந்திருக்காங்கன்னு நாங்க பாக்குறதே இல்ல. பாத்தாத்தானே பாரபட்சம் வரும்? அவங்க என்ன சொல்றாங்கன்னுகூட நாங்க ரொம்ப உள்ள போறதில்ல. அப்படி இருக்கிறதுனாலதான் எத்தனை வருஷமானாலும் எங்க தீர்ப்பு ஒரே மாதிரி இருக்கு."

பிள்ளைகள் கைதட்டினார்கள். விளக்கு இன்னும் பச்சையில்தான் இருந்தது, ஆனால் ஆர்னெட்டாவின் நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். நூலகத்தில் பல வாரம் உட்கார்ந்து தேடி எடுத்த ஒரு பழைய வழக்கைச் சொன்னார். பக்கத்து மாவட்டத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஹட்சின்ஸ் என்பவர். அவரையும் டெபுடிகள் ஆள் மாறி, வீடு மாறிப் போய்ப் பிடித்துப் புல்லில் போட்டிருக்கிறார்கள். இதே கோர்ட்டு அது தப்பு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

தோர்ன்பெரி தாளைப் புரட்டினார். அந்த வழக்கில் ஹட்சின்ஸ் வீட்டுக் கதவு திறந்திருந்தது அல்லவா என்று கேட்டார். ஆமாம் என்றார் ஆர்னெட்டா. உங்கள் வீட்டுக் கதவு? சாத்தியிருந்தது.

"அங்கதான் வித்தியாசம் வருது அம்மா. திறந்த கதவுன்னா வாசல்ல நின்னே உள்ள யாரு இருக்காங்கன்னு பாக்கலாம். பாத்தும் தப்பான ஆளைப் பிடிச்சா, அது தப்பு. சாத்துன கதவுல அந்த வசதி இல்ல. உடைச்சாத்தான் தெரியும். தெரியறதுக்காக உடைச்சவங்களைப் போய்த் தெரியாம உடைச்சாங்கன்னு எப்படிச் சொல்றது?"

"அய்யா, விடியக் காலையில யாரு கதவைத் திறந்து போட்டுட்டுத் தூங்குவா?"

"அது நீங்களா எடுத்த முடிவு அம்மா. அதுல கோர்ட்டு தலையிட முடியாது."

வலது பக்கம் இருந்த நீதிபதி தலையை ஆட்டினார். இடது பக்கம் இருந்தவர் ஏற்கெனவே தலையை ஆட்டியபடிதான் தூங்கிக்கொண்டிருந்தார்.

லிங்கில் எழுந்தார். எதையும் மறுக்கவில்லை.

"அவங்க சொல்றது அத்தனையும் உண்மைன்னே வெச்சுக்குவோம். வீடு தப்பு. ஆள் தப்பு. நிறம் தப்பு, வயசு தப்பு, ஆணா பொண்ணாங்கிறதும் தப்பு. தேடுன ஆளே எதிர்க்க நின்னப்போ அவனைத் தள்ளி நிக்கச் சொன்னதும் நாங்கதான். இவ்வளவு தப்பும் ஒரே நாள்ல, ஒரே இடத்துல இதுக்கு முன்னாடி யாராவது பண்ணியிருக்காங்களா? இல்ல. அப்ப இது தப்புன்னு எங்க பசங்களுக்கு எப்படித் தெரியும்?"

மிகச் சிறப்பாகச் சொன்னீர்கள் என்றார் தோர்ன்பெரி. மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆர்னெட்டா ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்றார்.

"சரிங்க அய்யா, எனக்கு முன்னாடி யாருக்கும் நடக்கல, அதனால என் வழக்கு நிக்காது. நாளைக்கு இன்னொருத்தருக்கு இதே மாதிரி நடந்தா, அவங்க என் வழக்கைக் காட்டலாமில்ல?"

தோர்ன்பெரி பொறுமையாகச் சிரித்தார். வக்கீல் இல்லாதவர்களின் வழக்கில் வருகிற தீர்ப்பைப் புத்தகத்தில் சேர்ப்பதில்லை, அதை வைத்து யாரும் வாதாட முடியாது, அவ்வளவு முக்கியத்துவம் அதற்குக் கிடையாது என்று விளக்கினார்.

"அப்ப அவங்களும் முதல் ஆளாத்தான் இருப்பாங்களா?"

"ஒவ்வொரு குடிமகனும் எங்களுக்கு முதல் ஆள்தான் அம்மா," என்றார் தோர்ன்பெரி. சிவப்பு எரிந்தது. பிள்ளைகள் மறுபடி கைதட்டினார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆர்னெட்டா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் திருப்பங்களில் பிரேக் போடும்போதெல்லாம் இவருடைய வலது காலும் சேர்ந்து தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

தீர்ப்பு வந்தது. சின்னத் தீர்ப்பு. கதவு சாத்தியிருந்தபடியால் மேல்முறையீடு தள்ளுபடி. திறந்திருந்தால் ஹட்சின்ஸ் வழக்கின்படி மனுதாரர் ஜெயித்திருப்பார் என்று நீதிபதிகள் அனுதாபத்தோடு குறிப்பிட்டிருந்தார்கள். கடைசியில், வக்கீல் இல்லாமல் வந்த மனுதாரரின் மனு அட்டை மிக நேர்த்தியாக இருந்தது என்று ஒரு பாராட்டு. ஷெரிஃப் ஹாலிஃபீல்ட் அதை நகல் எடுத்து எல்லா டெபுடிகளுக்கும் கொடுத்து, சாப்பாட்டு அறையிலும் ஒன்றை ஒட்டச் சொன்னார். எங்க பசங்க இனிமே சட்டத்தை வரிக்கு வரி ஃபாலோ பண்ணுவாங்க என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னார்.

முகவரியை இப்போதாவது திருத்துவார்களா என்று ஆர்னெட்டா லிங்கிலுக்குப் போன் போட்டுக் கேட்டார். கோர்ட்டே அந்த முகவரியில் குறையில்லை என்று சொன்ன பிறகு அதை மாற்றினால் கோர்ட்டை அவமதித்ததாகிவிடாதா என்றார் லிங்கில்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ஆர்னெட்டா மோட்டலில் என்னோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ரஸ்டி ஓடம் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். மெயின் ரோட்டு ஓட்டலில் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறான். பக்கத்து மேஜையில் ஷெரிஃபும் ஆட்களும் இருந்திருக்கிறார்கள். ஷெரிஃப் இவனிடம் கெட்ச்அப் பாட்டிலை வாங்கி ஊற்றிக்கொண்டே, நாளைக் காலையில் அந்த ஓடம் பயலைப் பிடித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"என்னைப் பிடிக்க நாளைக்கு உங்க வீட்டுக்கு வராங்க மிஸ் ஆர்னெட்டா," என்றான் ரஸ்டி. "எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. வேணும்னா நான் வந்து உங்க வீட்ல உக்காந்துக்கட்டுமா?"

ஆர்னெட்டா கப்பைக் கீழே வைத்தார்.

"வேணாம் ரஸ்டி. நீ உள்ள இருந்தா அவங்க வந்தது சரியாப் போயிடும்."

அவன் அதை யோசித்துப் பார்த்து, சரிதான் என்று போய்விட்டான். ஆர்னெட்டா காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். வழக்கு ஆரம்பித்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கண்ணு, அவங்க நான் தோத்துட்டேன்னு சொல்லலயே. கதவு சாத்தியிருந்துச்சுன்னுதானே சொன்னாங்க."

பழைய கதவு உடைந்த இடத்தில், சர்ச்சில் வசூல் பண்ணி ஒரு புதுக் கதவு போட்டுக் கொடுத்திருந்தார்கள். நல்ல ஓக் மரம். அதைத் திறந்து வைத்தால் காற்றில் சாத்திக்கொள்ளும். எங்கள் மோட்டல் பின்கட்டில் கிடந்த செங்கல் ஒன்றை முட்டுக்கொடுக்கக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். சாட்சிக்கு நானும், அவர் சர்ச்சிலிருந்து நாலு பேரும், ரஸ்டியும் எதிர்ச் சாரியில் வந்து நிற்பதாக ஏற்பாடு. பஸ்ஸில் போட்டுக்கொள்கிற கம்பளிக் கையுறையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருப்பதாகப் போகும்போது சொன்னார்.

மறுநாள் காலை மூன்று கார்கள் வந்தன. தெற்கு நாற்பத்தொன்றின் கதவு அகலமாகத் திறந்திருந்தது. உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. ஆர்னெட்டா சர்ச்சுக்குப் போட்டுக்கொள்கிற ஞாயிற்றுக்கிழமை உடுப்பில், தெருவுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ட்ரெவர் படியேறிப் போய், மன்னிச்சுக்குங்க மிஸ் ஆர்னெட்டா என்று சொல்லிவிட்டு, குனிந்து செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தான். கதவைச் சாத்தினான். பிறகு உடைத்தார்கள்.